வயிறு தட்டையாகிவிட்டது, கசிவு ஏன் நிற்கவில்லை?

கேள்வி: எனக்கு வயது 41. இரண்டு குழந்தைகள், இரண்டும் சுகப்பிரசவம். இளையவன் பிறந்ததிலிருந்தே தும்மினாலும் பலமாகச் சிரித்தாலும் சில சொட்டு சிறுநீர் கசிந்துவிடும். வயிற்றுத் தசை தளர்ந்ததுதான் காரணம், அதை இறுக்கினால் எல்லாம் சரியாகும் என்று ஜிம் பயிற்சியாளர் சொன்னார். நான்கு மாதமாகத் தினமும் க்ரஞ்சஸ், பிளாங்க் செய்கிறேன். மற்ற நேரத்திலும் வயிற்றை உள்ளே இழுத்துப் பிடித்தபடியே இருக்கிறேன். வயிறு தட்டையாகிவிட்டது, ஆனால் கசிவு முன்பைவிட அதிகம். கனமான பையைத் தூக்கினால்கூடக் கசிகிறது. பயத்தில் மணிக்கொரு தடவை பாத்ரூம் போகிறேன், தண்ணீர் குடிப்பதையும் குறைத்துவிட்டேன். கீகல் பயிற்சி செய்து பார்த்தேன், பலன் தெரியவில்லை. பிரசவத்துக்குப் பிறகு வயிற்றுத் தசை நடுவில் விலகியிருக்கிறது என்றும் சொல்கிறார்கள், அதனால் இருக்குமா? வயிற்றுப் பயிற்சியை விட்டுவிடவா? ஆபரேஷன்தான் வழியா? (ஆறு மாதமாக பிபி மாத்திரை சாப்பிடுகிறேன், அப்போதிலிருந்து வறட்டு இருமல் வேறு.)

பதில்: நீங்கள் அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டுப் போன அந்தக் கடைசி வரியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். எனலாப்ரில், ராமிப்ரில், லிசினோப்ரில் என்று ‘ப்ரில்’ என முடியும் பிபி மாத்திரைகள் சிலருக்கு விடாத வறட்டு இருமலைக் கொண்டுவரும். ஒவ்வொரு இருமலும் உங்கள் சிறுநீர்ப்பையின் மேல் விழும் ஓர் அடி. மாத்திரை அட்டையை எடுத்துப் பெயரைப் பாருங்கள். அந்த வகையாக இருந்தால், எழுதித்தந்த டாக்டரிடம் இருமலோடு கசிவையும் சேர்த்துச் சொல்லுங்கள். பெரும்பாலோருக்கு இருமலைத் தராத வேறு வகை மாத்திரைகள் இருக்கின்றன, அவர் மாற்றிக் கொடுப்பார். நீங்களாக நிறுத்திவிட வேண்டாம், பிபி எகிறினால் அது வேறு வம்பு. ‘ப்ரில்’ இல்லையென்றாலும் பெயரைக் காட்டிக் கேளுங்கள். பிரேசோசின் போன்றவை சிறுநீர்க்குழாயின் வாயைத் தளர்த்திக் கசிவைக் கூட்டக்கூடியவை. நான்கு மாத உடற்பயிற்சியின் மேல் நீங்கள் போடும் பழியில் ஒரு பங்கு இந்த மாத்திரைக்கும் போகலாம்.

இனி வயிற்றுக்கு வருவோம். உங்கள் பயிற்சியாளர் சொன்னது முழுப் பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. வயிற்றுத் தசைக்கும் சிறுநீர்க் கட்டுப்பாட்டுக்கும் தொடர்பு உண்டு. ஆனால் சிறுநீரைத் தாங்கிப் பிடிக்கும் தசை வயிற்றில் இல்லை, அதற்கு அடியில் இருக்கிறது. முன்பக்க இடுப்பெலும்பிலிருந்து பின்னால் வால் எலும்பு வரை விரிந்து, சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் கீழிருந்து தாங்கும் தசைத் தொகுதி அது. இடுப்புத்தளத் தசைகள் என்போம். வயிற்றை இறுக்கினால் அதுவும் தானாக இறுகிவிடும் என்று நம்பி நான்கு மாதத்தைச் செலவழித்திருக்கிறீர்கள். பலருக்கு அப்படி நடப்பதில்லை.

கசிவு எப்படி ஏற்படுகிறது என்று பார்த்தால் இது புரியும். பெண்களின் சிறுநீர்க்குழாய் சுமார் 4 சென்டிமீட்டர்தான் நீளம். இருமும்போதும் தும்மும்போதும் வயிற்றுக்குள் அழுத்தம் சட்டென்று ஏறி, சிறுநீர்ப்பையை மேலிருந்து அமுக்குகிறது. அதே நொடியில் சிறுநீர்க்குழாயும் அமுங்கி மூடிக்கொண்டால் சொட்டுக்கூட வராது. மூடிக்கொள்ள வேண்டுமானால் அதன் அடியில் கெட்டியான தாங்கல் வேண்டும். தோட்டத்து ரப்பர் குழாயைக் கெட்டித் தரையில் போட்டு மிதித்தால் தண்ணீர் நின்றுவிடும், சேற்றில் போட்டு மிதித்தால் குழாய் புதையுமே தவிர தண்ணீர் நிற்காது. அமெரிக்க மகப்பேறு மருத்துவர் ஜான் டிலான்சி 1994-ல் சொன்ன விளக்கத்தின் சாரம் இதுதான். பிரசவத்தில் அந்தத் தாங்கல் இழுபட்டுத் தளர்கிறது. தசை நாராகவும் இருக்கலாம், அதைப் பிடித்திருக்கும் இணைப்புத் திசுவாகவும் இருக்கலாம், அதற்குப் போகும் நரம்பாகவும் இருக்கலாம். பெரும்பாலும் எல்லாமே கொஞ்சம் கொஞ்சம்.

இப்போது நீங்கள் செய்துகொண்டிருப்பதைப் பாருங்கள். அடித்தளம் தளர்ந்தே இருக்கிறது. மேலே வயிற்றுச் சுவரை மட்டும் வலுவாக்கி, அதை நாள் முழுக்க இழுத்தும் பிடிக்கிறீர்கள். உள்ளே ஏறும் அழுத்தத்துக்கு முன்பக்கம் இடம் இல்லை. அது கீழேதான் போகும்.

வயிறும் இடுப்புத்தளமும் சேர்ந்து வேலை செய்யும் என்ற கருத்து எங்கிருந்து வந்தது என்றால், ஆஸ்திரேலிய பிசியோதெரபிஸ்ட் ரூத் சாப்ஸ்ஃபோர்டும் சக ஆய்வாளர்களும் 2001-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு அதில் முக்கியமானது. ஆரோக்கியமான பெண்கள் இடுப்புத்தளத்தை இறுக்கும்போது வயிற்றுத் தசைகளும், வயிற்றை இறுக்கும்போது இடுப்புத்தளமும் கூடவே இயங்கியதை அவர்கள் தசை மின்பதிவில் கண்டார்கள். இதைப் பிடித்துக்கொண்டு உலகம் முழுக்க ஜிம்களில் ‘வயிற்றை உள்ளே இழு’ என்று ஆரம்பித்துவிட்டார்கள். ஆனால் அந்த ஆய்வு பேசியது ஆரோக்கியமான, கசிவில்லாத பெண்களைப் பற்றி. நார்வேயின் காரி பூ குழு அல்ட்ராசவுண்டில் பார்த்தபோது, ஆழ்வயிற்றுத் தசையை இறுக்கச் சொன்னால் சிலருக்கு இடுப்புத்தளம் மேலே எழும்பாமல் கீழே இறங்கியது. 2004-ல் கனடாவில் சாந்தால் டுமுலான் குழு நேராகவே சோதித்துப் பார்த்தது. பிரசவத்துக்குப் பின் கசிவு நீடித்த பெண்களில் ஒரு குழுவுக்கு இடுப்புத்தளப் பயிற்சி மட்டும், இன்னொரு குழுவுக்கு அதோடு ஆழ்வயிற்றுப் பயிற்சியும். இரண்டிலும் 10 பேரில் சுமார் 7 பேருக்குக் கசிவு நின்றது. வயிற்றுப் பயிற்சியைச் சேர்த்ததால் கூடுதல் லாபம் ஒன்றும் கிடைக்கவில்லை.

நடுவில் தசை விலகியிருக்கிறது என்கிறீர்களே, அதையும் இதோடு முடிச்சுப் போட வேண்டாம். பிரசவத்துக்குப் பின் தசை விலகிய பெண்களுக்கு மற்றவர்களைவிட இடுப்புத்தளம் பலவீனமாகவோ கசிவு அதிகமாகவோ இருக்கும் என்று ஆய்வுகளில் தெளிவாக நிரூபணமாகவில்லை. அது தனிக் கணக்கு. தட்டையான, கட்டு மஸ்தான வயிறு உள்ளவர்களுக்கும் கசியும். ஸ்வீடனில் போட்டிகளில் ஆடும் டிராம்போலின் வீராங்கனைகளிடம் நடந்த ஆய்வில் 10-க்கு 8 பேர் பயிற்சியின்போது கசிவதாகச் சொன்னார்கள். குழந்தை பெறாத இளம்பெண்கள் அவர்கள்.

வயிற்றைக் குறைப்பதில் பலனே இல்லையா என்றால், உண்டு. ஆனால் அந்தப் பலன் தசையிலிருந்து வருவதில்லை, எடையிலிருந்து வருகிறது. அதிக எடையுள்ள, கசிவும் உள்ள பெண்களிடம் நடந்த ஓர் அமெரிக்க ஆய்வு 2009-ல் வெளியானது. ஆறு மாதத்தில் எடையில் சராசரியாக 8 சதவீதம் குறைந்தவர்களுக்கு வாராந்தரக் கசிவு 47 சதவீதம் குறைந்தது. எடை அவ்வளவு குறையாத மற்றொரு குழுவில் 28 சதவீதம்தான். உங்கள் எடையை நீங்கள் எழுதவில்லை. கூடுதலாக இருந்தால் அதைக் குறைப்பது வேறு எந்த வயிற்றுப் பயிற்சியையும்விட உதவும்.

அடுத்து கீகல், அதாவது இந்த இடுப்புத்தளத் தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சி. ‘செய்து பார்த்தேன், பலன் இல்லை’ என்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, எப்படிச் செய்தீர்கள் என்பதுதான். 1948-ல் ஆர்னால்ட் கீகல் என்ற அமெரிக்க டாக்டர் இந்தப் பயிற்சியைப் பிரபலமாக்கியபோது, உள்ளே வைத்து அழுத்தத்தை அளக்கும் ஒரு கருவியையும் சேர்த்தே கொடுத்தார். பெண்கள் சரியாகத்தான் இறுக்குகிறார்களா என்று பார்ப்பதற்கு. பின்னால் வந்தவர்கள் கருவியைக் கழற்றிவிட்டுப் பயிற்சியை மட்டும் வைத்துக்கொண்டோம். 1991-ல் வெளியான ஓர் ஆய்வில், வாயால் மட்டும் சொல்லிக்கொடுத்தபோது நான்கில் ஒரு பெண் கசிவைக் கூட்டக்கூடிய விதத்தில் செய்துகொண்டிருந்தார். மேலே இழுப்பதற்குப் பதிலாகக் கீழே முக்குகிறார்கள். உங்களுக்கும் அதுதான் நடக்கிறது என்று நான் இங்கிருந்து சொல்ல முடியாது. ஆனால் நான்கு மாதம் வயிற்றை இழுத்துப் பழகிய உடம்புக்கு அந்த வாய்ப்பு அதிகம்.

நீங்களே பார்த்துக்கொள்ளலாம். பாத்ரூம் போய்விட்டு வந்து, முழங்காலை மடித்து மல்லாந்து படுங்கள். கண்ணாடியைக் காலுக்கிடையில் பிடித்தபடி, காற்று பிரியாமல் அடக்குவதுபோல ஆசனவாயை மெல்ல உள்ளே இழுத்து, அதே இழுப்பைச் சிறுநீர் அடக்குவதுபோல முன்பக்கமும் கொண்டுவாருங்கள். ஆசனவாய்க்கும் பிறப்புறுப்புக்கும் நடுவில் உள்ள இடம் உள்நோக்கி, மேல்நோக்கிப் போக வேண்டும். வெளியே பிதுங்கினால் முக்குகிறீர்கள் என்று அர்த்தம். இன்னொரு கையை அடிவயிற்றில், இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து இரண்டு விரற்கடை உள்ளே தள்ளி வையுங்கள். சரியாகச் செய்யும்போது விரலுக்கடியில் லேசான ஓர் இறுக்கம் தெரியும். இதுதான் வயிறு தானாக வந்து கைகொடுப்பது, இவ்வளவே போதும். தொப்புள் முதுகோடு ஒட்டினாலோ, விலா எலும்பு இறுகினாலோ, மூச்சு நின்றாலோ, பின்புறத் தசையும் தொடையும் இறுகினாலோ அளவு மீறிவிட்டது.

இதைத் தப்பில்லாமல் செய்ய வந்த பிறகுதான் கணக்கு. முதலில் 3 நொடி இறுக்கி, அதைவிடச் சற்று அதிக நேரம் முழுவதுமாகத் தளர்த்துங்கள். தளர்த்துவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நாளடைவில் பிடிக்கும் நேரத்தை 6 முதல் 8 நொடிக்குக் கொண்டுவாருங்கள். ஒரு தடவைக்கு 8 முதல் 12 முறை, நாளைக்கு 3 தடவை. கடைசியில் சட்டென்று இறுக்கி சட்டென்று விடும் சில இறுக்கங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள், தும்மலுக்கு உதவுவது அந்த வேகம்தான். படுத்துச் செய்வது சரியாக வந்ததும் உட்கார்ந்து, பிறகு நின்று. குறைந்தது மூன்று மாதம். இரண்டு வாரத்தில் ஒன்றும் தெரியவில்லை என்று விட்டுவிடாதீர்கள், தசை வலுப்பெற அவ்வளவு காலம் ஆகும். சிறுநீர் போகும்போது நடுவில் நிறுத்திப் பார்ப்பதைப் பயிற்சியாகச் செய்ய வேண்டாம், சிறுநீர்ப்பை முழுவதும் காலியாகாத பழக்கம் வந்துவிடும்.

பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்த 2018-ஆம் ஆண்டின் காக்ரேன் அறிக்கையில், இருமல் தும்மலில் கசிந்த பெண்களில் இந்தப் பயிற்சி செய்தவர்களில் 56 சதவீதம் பேர் குணமானதாகச் சொன்னார்கள். செய்யாதவர்களில் 6 சதவீதம்தான். எனவே உங்களுக்கு எடுத்த எடுப்பிலேயே ஆபரேஷனைப் பற்றிப் பேச நான் தயாரில்லை.

வலு வருவதற்குக் காத்திருக்காமல் இன்றே தொடங்கக்கூடிய ஒன்று இருக்கிறது. இருமல் வரப்போகிறது என்று தொண்டை சொல்லும் அந்த நொடியில், அல்லது பையைத் தூக்கக் குனியும் முன்பு, இடுப்புத்தளத்தை இறுக்கிக்கொண்டு, அது முடியும்வரை விடாதீர்கள். முந்திக்கொள்வதுதான் இதன் சூட்சுமம். அமெரிக்காவின் மிச்சிகனில் 1998-ல் நடந்த ஆய்வில் இதைக் கற்றுக்கொண்ட பெண்களுக்கு ஒரே வாரத்தில் இருமலின்போது கசிவு வெகுவாகக் குறைந்தது. தசை அதற்குள் பெருத்துவிடவில்லை, சரியான நேரத்தில் வேலை செய்யக் கற்றுக்கொண்டது, அவ்வளவுதான். ஆரம்பத்தில் இருமிய பிறகுதான் ஞாபகம் வரும், எல்லோருக்கும் அப்படித்தான். மாத்திரை மாறும்வரை உங்களுக்கு இருமல் பஞ்சம் இல்லை, பழகிப் பார்க்க நிறைய சந்தர்ப்பம் கிடைக்கும்.

வயிற்றுப் பயிற்சியை விட்டுவிடவா என்று கேட்டீர்கள். முழுக்க வேண்டாம். க்ரஞ்சஸ் ஏதோ விஷம் என்பதுபோல எழுதுகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. நாற்காலியிலிருந்து எழுந்திருப்பதே சில வயிற்றுப் பயிற்சிகளுக்குச் சமமான அழுத்தத்தை உள்ளே உண்டாக்கும், பலமான இருமல் அதையும் தாண்டிவிடும். மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்வதும், கசிந்துகொண்டிருக்கும்போதே பல்லைக் கடித்துத் தொடர்வதும்தான் கெடுதல். ஆறு வாரத்துக்கு க்ரஞ்சஸையும் நீண்ட பிளாங்க்கையும் ஓரம்கட்டுங்கள். அந்த இடத்தில், மல்லாந்து படுத்து ஒரு குதிகாலைத் தரையோடு நீட்டி மடக்குவது, இடுப்பைத் தூக்கும் பிரிட்ஜ், முழங்காலை ஊன்றிய பக்கவாட்டுப் பிளாங்க், இவை போதும். முதலில் இடுப்புத்தளம், பிறகு அசைவு. சிரமமான பகுதியில் மூச்சை வெளியே விடுங்கள். கசிந்தாலோ, அடியில் ஏதோ கனப்பதுபோல இருந்தாலோ, ஒரு படி இறங்கி எளிதானதைச் செய்யுங்கள். பழைய பயிற்சிகளுக்கும் எடை தூக்குவதற்கும் இதே விதியோடு ஒவ்வொன்றாகத் திரும்பலாம். குதிப்பது எல்லாவற்றுக்கும் கடைசி. அப்புறம், நாள் முழுக்க வயிற்றை எக்கிப் பிடிப்பதை இன்றோடு விடுங்கள். மூச்சை இழுக்கும்போது வயிறு முன்னால் வரட்டும். உதரவிதானம் கீழே இறங்கும்போது இடுப்புத்தளமும் கொஞ்சம் இறங்கி, மூச்சு வெளியேறும்போது மேலே வர வேண்டும். எக்கியே வைத்திருந்தால் அந்த ஏற்ற இறக்கம் நின்றுபோகிறது.

மணிக்கொரு முறை பாத்ரூம் போவதும் தண்ணீரைக் குறைப்பதும் புரிகிறது, ஆனால் இரண்டும் உங்களுக்கு எதிராகவே வேலை செய்யும். சிறுநீர்ப்பை சாதாரணமாக 300 முதல் 500 மில்லி வரை தாங்கும். முன்னெச்சரிக்கையாக அடிக்கடி காலி செய்துகொண்டே இருந்தால் கொஞ்சம் சேர்ந்ததுமே அலாரம் அடிக்கப் பழகிவிடும், பிறகு அவசரம் தாங்காமல் கசியும் இன்னொரு பிரச்சினையும் சேர்ந்துகொள்ளும். தண்ணீர் குறைந்தால் அடர்த்தியான சிறுநீர் பையை உறுத்தும், மலமும் இறுகும். மலச்சிக்கலில் தினமும் முக்குவது இடுப்புத்தளத்துக்கு க்ரஞ்சஸைவிடப் பெரிய பகை. டாக்டர் குறைக்கச் சொல்லியிருந்தாலொழிய, திரவமெல்லாம் சேர்த்து ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் குடியுங்கள். காபி, டீயைக் குறைத்துப் பாருங்கள். பாத்ரூம் இடைவெளியைச் சில நாளுக்கொரு முறை 15 நிமிடம் கூட்டுங்கள். நடுவில் அவசரம் வந்தால் ஓடாதீர்கள். நின்று, அல்லது உட்கார்ந்து, நாலைந்து சட்டென்ற இறுக்கங்கள். அவசரம் ஒரு நிமிடத்தில் தணியும், பிறகு நடந்து போங்கள். மூன்று மணி நேர இடைவெளி வந்தால் போதும்.

மூன்று நாளைக்கு மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள்: எத்தனை மணிக்கு என்ன குடித்தீர்கள், எத்தனை மணிக்கு எவ்வளவு போனீர்கள் (அளவுக் குவளை ஒன்று பாத்ரூமில் இருக்கட்டும்), எப்போது, என்ன செய்யும்போது கசிந்தது. யாரிடம் போனாலும் முதலில் கேட்கப்போவது இதைத்தான்.

யாரிடமாவது போகத்தான் வேண்டும் என்பது என் எண்ணம். மகளிர் நலத்தில் பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் ஒருவர் உள்ளே விரல் வைத்தோ அல்ட்ராசவுண்டிலோ பார்த்து, தசை மேலே எழும்புகிறதா என்று ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார். இதைக் கடிதத்தில் என்னால் செய்ய முடியாது. இன்னொரு காரணமும் உண்டு. சிலருக்கு இடுப்புத்தளம் தளர்ந்திருக்காது, தளராமல் இறுகியே கிடக்கும். தாம்பத்தியத்தில் வலி, சிறுநீர் வரத் தாமதம், மலம் கழிக்கத் தடை என்று ஏதாவது இருந்தால் மேலும் மேலும் இறுக்கும் பயிற்சி அதைக் கெடுக்கும். அப்போது முதலில் தளர்த்தக் கற்க வேண்டும். சிறுநீரில் ரத்தம், எரிச்சல், காய்ச்சல், அடியில் ஏதோ பிதுங்கி இறங்குவது, சிறுநீர் சரியாகப் பிரியாமல் அடைத்துக்கொள்வது இருந்தால் பயிற்சிக்கு முன்பே மருத்துவரைப் பாருங்கள். கால் மரத்து, தொடையிடுக்கு உணர்வற்றுப் போய், மலமோ சிறுநீரோ கட்டுப்பாடு இழந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்கு.

மூன்று மாதம் ஒருவர் மேற்பார்வையில் ஒழுங்காகச் செய்தும் உங்களுக்குப் போதுமான மாற்றம் வரவில்லையென்றால் ஆபரேஷனைப் பற்றிப் பேசலாம். அதற்கும் முன்பாகப் பிறப்புறுப்புக்குள் வைத்துச் சிறுநீர்க்குழாயைத் தாங்கும் பெஸ்ஸரி என்ற வளையம் உண்டு, உடற்பயிற்சி நேரத்தில் மட்டும் வைத்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். ஆபரேஷனில் சிறுநீர்க்குழாயின் அடியில் ஒரு பட்டையை வைத்துத் தாங்கல் கொடுப்பார்கள். உங்கள் உடம்பின் திசுவையே எடுத்து வைப்பதும் உண்டு, செயற்கை வலைப்பட்டையும் உண்டு. வலைப்பட்டையால் வலி, பட்டை திசுவை அரித்துக்கொண்டு வெளியே வருவது என்று சிக்கல்கள் வந்ததால் இங்கிலாந்தில் 2018-ல் அதை நிறுத்திவைத்தார்கள். எது, ஏன், பின்னால் எடுக்க வேண்டிவந்தால் என்ன ஆகும் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே சம்மதியுங்கள். இன்னொரு குழந்தை பெறும் எண்ணம் இருந்தால் அதையும் சொல்லுங்கள், பெரும்பாலும் ஆபரேஷனைத் தள்ளிப்போடச் சொல்வார்கள்.

அதுவரை வெளியே போகும்போது பேட் வைத்துக்கொள்வதில் தப்பில்லை. மாதவிடாய்க்கானது வேண்டாம், சிறுநீர்க் கசிவுக்கென்றே தனியாக வருவதை வாங்குங்கள். அது ஈரத்தை வேகமாக உறிஞ்சும், தோலும் புண்ணாகாது.